குழாய்மேல் நிறைகுடம்

தம்பிராசாவின் வாயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை கிழமையாக அந்த வாயால்தான் இந்தக் குடும்பம் அல்லல்படுகிறது. போன கிழமையும் பாருங்கள், ஒருவரும் கேட்காமலே சம்பந்தி வீட்டில் எழுந்து நின்று, "குப்பைமேட்டைப் பற்றி ஒருதரும் யோசிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு திங்களும் நான்தான் அளக்கிறன். முள்ளு அசையவேயில்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். சம்பந்தியம்மா கனகம்மா அதைக் காதில் வாங்கி முடிந்து வைத்துக்கொண்டாள். அவள் எதையும் சும்மா கேட்கிறவள் அல்ல.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தம்பிராசா நகரசபையில் சுகாதார ஓவசியர். உள்துறைமுகப் பக்கமாக இருந்த ஊர்க் குப்பைமேட்டை, இனிமேல் கொட்ட இடமில்லை என்று போன வருசம் மூடினார்கள். கிறவல் மண் பரப்பி இறுக்கினார்கள். கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து, மேட்டின் ஓரமாக வரிசைக்கு இரும்புக் குழாய்கள் நட்டார். மண்ணுக்குக் கீழே குப்பை உக்கிக்கொண்டேதான் இருக்கும், உக்கினால் வாயு வரும், அது நெருப்புப் பட்டால் வெடிக்கிற சாமான், வெளியே போக அதற்கு ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் இந்தக் குழாய் என்று தம்பிராசாவுக்கு விளங்கப்படுத்தினார். அளக்க ஒரு பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், மனுசனைப் பிடிக்க முடியவில்லை. பெட்டியில் ஒரு ரப்பர்க் குழாய். டாக்டர்மார் பிரஷர் பார்க்கும்போது அமத்துகிற மாதிரி ஒரு ரப்பர்ப் பந்து. அமத்தினால் கண்ணாடிக்குள் ஒரு முள் நகரும். சிவப்பில் வந்தால் ஆபத்து. அவர் அதைக் குப்பைமேட்டில் மட்டுமா வைத்தார்? தாங்கள் குடியிருக்கிற ஓர்ஸ் ஹில் வீட்டுக் கிணற்றில் வைத்தார், கக்கூசில் வைத்தார், குசினியில் பெண்சாதி கமலேஸ்வரி கருவாடு பொரித்துக்கொண்டிருக்கும்போது அவள் தோளுக்கு மேலால் நீட்டினார். அன்றைக்கு அகப்பைக்காம்பு அவர் முதுகில் விழாதது அவருடைய நல்ல காலம்.

இனி வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மூத்தவள் என்றோ ஒரே பிள்ளை என்றோ அதில் தள்ளுபடி கிடையாது. மகள் பூரணிக்கு வீடு கட்ட இருந்தது ஒரே ஒரு துண்டுக் காணி. கமலேஸ்வரிக்குத் தாய்வழியில் வந்தது. குப்பைமேட்டுக்கு ஒட்டினாற்போல, மூக்கைப் பிடித்துக்கொண்டுகூடப் போக முடியாமல் கிடந்தது. மேட்டை மூடின அன்று கமலேஸ்வரி கோணேசர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். மட்டக்களப்புப் புயலுக்குப் பிறகு ஓடு கிடைக்காத காலத்தில், கூரைக்குத் தகரத்தையும் சீற்றையும் தேடிப் பிடித்து, ஒரு வருசமாக நாயாய் அலைந்து அந்த வீட்டை எழுப்பினாள். மாப்பிள்ளை கோணேசன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். குச்சவெளிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகிற பூரணியை பஸ்ஸிலே பார்த்துப் பழகி, தாயைச் சம்மதிக்க வைத்தவன். பூரணிக்கும் அவன் மேல் ஆசைதான், அதை மறைப்பானேன்.

கனகம்மாவின் ஒரே நிபந்தனை, கலியாணத்துக்கு முதல் தன் கண் முன்னால் அந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். அந்த நாள்தான் இன்று.

இன்று திங்கள்.

"இண்டைக்குமா?" என்றாள் கமலேஸ்வரி, பெட்டியும் கையுமாகப் புது வீட்டு வாசல் படலையில் நின்ற புருசனைப் பார்த்து. "பெத்த பிள்ளையின்ர வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்திருக்கிறியள். உந்தப் பெட்டியை அங்கால வையுங்கோ."

"திங்களெண்டா திங்கள்தான். ஒரு கிழமை விட்டா விட்டதுதான்."

"அப்ப பிள்ளையை விட்டாலும் பரவாயில்லை, என்ன?"

தம்பிராசா படலையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பொறியியலாளர் நட்ட குழாய்களில் இரண்டு, சரியாக அந்தப் படலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இடுப்பளவு உயரத்தில் நின்றவை. இன்று அவற்றைக் காணவில்லை. அவை நின்ற இடத்தில் வெள்ளைத் துணி சுற்றி, குலை வாழை கட்டி, மேலே மாவிலையும் தேங்காயுமாக இரண்டு நிறைகுடங்கள் நின்றன.

"குழாய் எங்க?"

"உள்ளுக்குத்தான் அத்தான்!" என்று சிரித்துக்கொண்டு வந்தான் இராசதுரை.

கமலேஸ்வரியின் தம்பி. வீடு கட்டின மேசன் அவன்தான். எடுத்த காரியத்தை முடித்துக் கொடுக்கிறவன் என்று ஊரில் பெயர். முடிக்கக் கூடாத காரியத்தையும் முடித்துக் கொடுப்பான் என்பதை ஏனோ ஊர் சொல்வதில்லை.

"எவ்வளவு வடிவா வந்திருக்கு பாத்தியளே? குடம் வைக்க முக்காலி தேடித் திரிஞ்சனான். பிறகு பாத்தா, வாசலில அளவெடுத்து நட்ட மாதிரி ரெண்டு குழாய்! நாத்தமும் வருகுது, ஆக்கள் வந்தா என்ன நினைப்பினம் எண்டு அக்கா ஒரே புலம்பல். ஒரு கல்லில ரெண்டு வேலையையும் முடிச்சுப்போட்டன்."

"என்னத்தை முடிச்சனி?"

"உள்ளுக்குத் தேங்காய்ப் பொச்சு அடைச்சு, மேல சீமெந்து பூசிச் சமப்படுத்தினனான். குடம் ஆடக்கூடாதெல்லே."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. பின்பக்கத்துக் குழாயையும் விடேல்லை. அதையும் அடைச்சாச்சு."

வெள்ளிக்கிழமை குழாய்களை அடைத்திருக்கிறான். சனியும் ஞாயிறும் மழை கொட்டியிருக்கிறது. மேட்டு மண் ஊறிப் பசை மாதிரிக் கிடக்கிறது. வாயுவுக்கு மேலாலும் போக வழியில்லை, குழாயாலும் போக வழியில்லை. பிறகு அது எந்தப் பக்கத்தால் போகும் என்று யோசிக்கத் தம்பிராசாவுக்குப் பொறியியலாளர் தேவைப்படவில்லை.

"குடத்தை இறக்கு."

"ஆர் சொன்னது?" கமலேஸ்வரி குறுக்கே வந்து நின்றாள். "நிறைகுடம் வச்சா வச்சதுதான். சம்பந்தி ஆக்கள் வந்து போகுமட்டும் ஒரு கை அதில படக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"கமலம், உனக்கு விளங்கேல்லை."

"எனக்கு எல்லாம் விளங்குது. இந்தக் காணியைக் கண்ட நாள் தொட்டு உங்களுக்குப் பிடிக்கேல்லை. என்ர அம்மாவின்ர காணி எண்டதால. இண்டைக்கு நல்ல நாளில ஒரு குறை பிடிக்கவேணும். அதுக்கு ஒரு பெட்டி."

தம்பிராசா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவு, சன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தன. நாற்றம் உள்ளே வரக்கூடாது என்று கமலேஸ்வரி மூன்று நாளாக இறுக்கிச் சாத்தி வைத்திருந்தாள். புதுச் சுண்ணாம்பு மணந்தது. குசினியில் மூன்று கல் வைத்து, மஞ்சள் பூசின புதுப்பானையில் பால் தயாராக இருந்தது. பக்கத்தில் விறகும் நெருப்புப்பெட்டியும்.

பூரணி அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"அப்பா, கோலத்தை மிதிச்சுப் போடாதேங்கோ."

அவர் மூலையில் குந்தி, தண்ணீர் போகிற வாய்க்கால் துவாரத்துக்குள் ரப்பர்க் குழாயை விட்டு, பந்தை அமத்தினார். ஒருதரம். இன்னொருதரம். பூரணி எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலால் பார்த்தாள். முள் மெல்ல எழும்பி, நடுவைத் தாண்டி, சிவப்புக்குள் போய் நின்றது.

அவர் குழாயை எடுத்து நிலத்து வெடிப்பொன்றில் வைத்தார். அங்கேயும் சிவப்பு.

வழக்கமாக இந்த இடத்தில் தம்பிராசா ஒரு பிரசங்கம் வைப்பார். இன்று எழுந்து, நெருப்புப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குசினிச் சன்னலைத் தள்ளித் திறந்தார். பூரணிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

"அப்பா, பால் காய்ச்ச ஏலாதோ?"

"ஏலாது பிள்ளை."

பஸ்ஸடியிலிருந்து சம்பந்தி ஆக்களை ஏற்றிக்கொண்டு படலையில் ஜெமீலின் வாடகைக் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தன் ஊரான ஈச்சிலம்பற்றிலிருந்து விடியப் புறப்பட்டு, படகும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்த களை கனகம்மாவின் முகத்தில் கொஞ்சமும் தெரியவில்லை. பட்டுச் சேலை கசங்காமல் இறங்கினாள். இரண்டு நிறைகுடத்தையும் பார்த்துத் தலையசைத்தாள். கமலேஸ்வரிக்கு அப்போதே சொர்க்கம் தெரிந்திருக்க வேண்டும். பன்னீர்ச் செம்போடு ஓடி வந்து, "வாங்கோ மச்சாள், வாங்கோ தம்பி" என்று இருவரையும் உள்ளே கூட்டிப் போனாள். கோணேசன் பின்னால் வந்தான். பூரணியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி பாதியில் நின்றது.

"நல்ல நேரம் போகுது. அடுப்பை மூட்டுங்கோவன்" என்றாள் கனகம்மா.

கமலேஸ்வரி குந்தினாள். விறகை நிமிர்த்தினாள். நெருப்புப்பெட்டியைத் தேடினாள்.

"இஞ்ச வச்ச நெருப்புப்பெட்டி எங்க?"

"என்னட்டை" என்றார் தம்பிராசா.

"தாங்கோவன்."

"தரமாட்டன்."

சபையில் நின்று புருசனோடு சண்டை பிடிக்கக் கமலேஸ்வரிக்கு மனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "அவருக்கு எப்பவும் பகிடிதான் மச்சாள்."

"பகிடி இல்லை. வீட்டுக்குள்ள வாயு வந்திட்டுது. இதுக்குள்ள குச்சி கிழிச்சா ஆரும் மிஞ்சமாட்டம். எல்லாரும் முதல் வெளியில வாங்கோ."

கனகம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவசரப்படவில்லை. வெளியே வந்து, வேப்பமர நிழலில் போட்டிருந்த கதிரையில் வசதியாக இருந்துகொண்டுதான் கேட்டாள்.

"அண்ணை, போன கிழமை என்ர வீட்டில வச்சு என்ன சொன்னியள்? முள்ளு அசையேல்லை எண்டு சொன்னியளோ இல்லையோ?"

"ஓம், சொன்னனான்."

"இண்டைக்கு அசைஞ்சிட்டுது."

"குழாயை அடைச்சுப் போட்டினம். அதாலதான். திறந்து விட்டு, சன்னலெல்லாம் திறந்து வச்சு, கொஞ்ச நாள் அளந்து பாத்தா இறங்கும்."

"இறங்கினது திரும்ப ஏறாதெண்டு உங்களால சொல்ல ஏலுமோ?"

இந்தக் கேள்விக்கு ஒரு சின்னப் பொய் போதும். போன கிழமை கேட்காமலே அள்ளிவிட்ட வாய்க்கு அது பெரிய வேலையா? கமலேஸ்வரி கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லுங்கோ, ஏறாதெண்டு சொல்லுங்கோ.

தம்பிராசா பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஏலாது. உக்கி முடிய வருசக்கணக்காகும். அதுக்குத்தானே திங்களுக்குத் திங்கள் அளக்கிறது."

"ஐயோ, கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கமலேஸ்வரி. "பொய் சொல்லவேண்டாத இடத்தில வாய் கிழியக் கதைப்பியள். சொல்லவேண்டிய இடத்தில அரிச்சந்திரன். என்னை ஏன் இப்பிடிச் சீரழிக்கிறியள்?"

இராசதுரை மெல்ல வேப்பமரத்துக்குப் பின்னால் நழுவிவிட்டான்.

கனகம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. "சரி, நடந்தது நடந்திட்டுது. நான் கலியாணத்தைக் குழப்ப வரேல்லை. பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா வெடிக்கிற வீட்டில என்ர மகனைக் குடியிருத்த ஏலாது, மச்சாள். ஓர்ஸ் ஹில் வீட்டைப் பூரணிக்கு எழுதுங்கோ. நாள் மாறத் தேவையில்லை."

கமலேஸ்வரிக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. யோசிக்கவேயில்லை. "எழுதுவம் மச்சாள். அவளுக்கில்லாத வீடே? நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மூலையில—"

"ரெண்டறை வீட்டில எத்தினை பேர்? நானும் வந்து நிக்கிறதெல்லே. சிறுசுகள் புதுசாக் குடும்பம் நடத்தவேணும், அதுகளுக்கும் ஒரு வசதி வேணும்."

"அப்ப நாங்கள்..." என்று இழுத்தாள் கமலேஸ்வரி.

கனகம்மா கையை நீட்டி, திறந்த சன்னலோடு நின்ற புது வீட்டைக் காட்டினாள். "ஏன், இந்த வீடு இருக்குத்தானே?"

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஒருவேளை அவள் பேசினதை அவளே திரும்பக் கேட்டிருந்தாலும் தெரிந்திராது.

எனக்கே கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. பூரணிக்கு எப்படி இருந்திருக்கும்? அவள் கனகம்மாவை விட்டுக் கோணேசன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் அதைத்தான் நினைக்கிறியளோ?"

கோணேசன் கெட்டவன் அல்ல. இதை நீங்கள் நம்பவேண்டும். அவன் தயங்கி, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

"யோசிச்சுப் பார், பூரணி. அவையள் ரெண்டு பேர்தானே. சன்னலைத் திறந்து வச்சு, அடுப்பை வெளியில வச்சுச் சமைச்சா ஒரு பிரச்சினையும் வராது. மாமாவுக்கு அளக்கவும் தெரியும். அவர் பாத்துக்கொள்ளுவார்."

"ஓம். சரியான யோசனைதான்" என்றாள் பூரணி. "அப்ப நாங்கள் இஞ்ச இருப்பம். நீங்களும் நானும். அடுப்பை வெளியில வைப்பம். சன்னலைத் திறந்து வைப்பம். திங்களுக்குத் திங்கள் அப்பா வந்து அளக்கட்டும். அவையளுக்கு ஏலுமெண்டா எங்களுக்கு ஏலாதோ?"

கோணேசன் வாயைத் திறந்தான். ஒரு சொல் வரும் என்று பூரணி காத்திருந்தாள். எந்தச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் அவளுக்கு இருந்தது. அவன் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தான்.

பஸ்ஸிலே மழைச்சாரல் அடிக்கும்போது எழுந்து நின்று தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தவன் இவன்தான். அந்த நினைவு வந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று குனிந்து நின்றாள்.

யாரும் எதிர்பாராத நேரத்தில் கமலேஸ்வரி நடந்தாள். குசினிக்கு அல்ல, படலைக்கு.

"கமலம், என்ன செய்யிறாய்?" என்றார் தம்பிராசா.

அவள் இந்தப் பக்கத்து நிறைகுடத்தை இரண்டு கையாலும் தூக்கி, தண்ணீர் அலம்பச் சேலையெல்லாம் நனைய, நிலத்தில் வைத்தாள். மாவிலை சரிந்தது. தேங்காய் உருண்டு ஜெமீலின் கார்ச் சில்லில் முட்டி நின்றது. பிறகு அந்தப் பக்கத்துக் குடம். வாழையைப் பிடித்து இழுத்து எறிந்தாள். வெள்ளைத் துணியை உரித்தாள்.

"துரை!"

வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து இராசதுரை எட்டிப் பார்த்தான்.

"அலவாங்கைக் கொண்டா."

"அக்கா, ஆக்கள் நிக்கினம்..."

"நிக்கட்டும். என்ர பிள்ளைக்கு உதவாத வீடு எனக்கும் இந்த மனுசனுக்கும் போதும் எண்டு சொல்லிப்போட்டினம். அவையளுக்கு முன்னால எனக்கென்னடா வெக்கம்? உடை!"

இராசதுரை அந்தக் கடப்பாறையால் உடைத்தான். சீமெந்து இரண்டு அடியில் பெயர்ந்தது. பொச்சைக் கொத்தி வெளியே எடுத்ததும், மூன்று நாளாக அடைபட்டுக் கிடந்த நாற்றம் படலை முழுவதும் நிறைந்தது. ஊர் எத்தனையோ வருசமாகக் கொண்டு வந்து கொட்டினதெல்லாம் ஒரேயடியாக மூக்குக்குள் ஏறின மாதிரி இருந்தது. கனகம்மா பட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். "கோணேசு, வா" என்றாள். திரும்பிப் பார்க்காமல் காரை நோக்கி நடந்தாள்.

கமலேஸ்வரி மூக்கைப் பொத்தவில்லை. அடுத்த குழாயைக் காட்டினாள். "அதையும். பிறகு பின்பக்கம்."

தம்பிராசா பெட்டியைத் திறந்து, பெண்சாதியின் பக்கத்தில் போய்க் குந்தினார். இருபது வருசத்துக்கு மேலாக அவர் சொன்ன எதையும் கேட்காதவள், இன்று அவர் கேட்காமலே செய்தாள். அவர் ரப்பர்ப் பந்தை அமத்திக்கொண்டிருந்தார்.

"என்ன காட்டுது?" என்று அதட்டினாள் அவள்.

"பொறு. இனித்தான் இறங்கவேணும்."

பூரணி வீட்டுக்குள் போனாள். சாத்தின சன்னல்கள் இன்னும் இருந்தன. புது மரம் மழைக்கு ஊதி இறுகிக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கையால் குத்தித் திறந்தாள். கடைசிச் சன்னலில் கை வைத்தபோது வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோணேசன் பக்கத்து இரண்டாவது கதவும் சாத்துகிற சத்தம் கேட்கிறதா என்று அவள் காது தன்பாட்டில் காத்திருந்தது. அதற்கிடையில் இராசதுரை பின்பக்கத்துக் குழாயை அடிக்கத் தொடங்கிவிட்டான். அந்த இரும்புச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

கார் புறப்பட்டது. அந்தச் சன்னலைத் திறந்தால் ரோட்டு நேராகத் தெரியும். படலையடியில் ஒருவன் நின்றால் அவனும் தெரிவான்.

பூரணி சன்னலில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.